நாற்பத்தோரு வளையங்கள்

8 ஜூலை 1991, திங்கள்

சாயங்கால பஸ்ஸில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. பதினோராம் வளைவில் அந்தப் பெண் ஜன்னலை எட்டுவதற்குள் என் பையின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். கீழ்நாட்டு ஆட்களுக்கு ஏற்காடு பார்க்க ஆசை இருக்கிற அளவுக்கு வயிறு இல்லை. மூன்று வருஷமாகச் சேலத்து ஸ்கேன் சென்டர் வேலைக்காகத் தினமும் இருபது வளைவு இறங்கி இருபது வளைவு ஏறுகிறேன். காலையில் வளைவுகளில்தான் என் இட்லியே இறங்குகிறது.

பையைத் துவைத்துப் போட்டேன். எங்கள் ஊட்டுக் கூரை அடுப்புக்கு மேலே மறுபடி ஒழுகுகிறது. எஸ்டேட் குவார்ட்டர்ஸ் என்றால் இப்படித்தான். "மேனேஜர் பாக்குறேன்னுட்டாரு, இன்பம்" என்றார் என் கணவர் மரியஜோசப். எட்டு மழைக்காலமாக மேனேஜர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

எதிலும் மனம் ஒட்டவில்லை. ஸ்கேன் மெஷின் தயாராகும்வரை வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். கூட்டுகிற ஆயா சாந்தி, "உக்காருங்கம்மா, தரை தேஞ்சு போவுது" என்கிறாள். முப்பத்தெட்டு வயதில் எனக்கு என்னதான் வேண்டும்?

11 ஜூலை, வியாழன்

எங்கள் ஸ்கேன் சென்டர் முதலாளி டாக்டர் தேவசிகாமணி ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டார். கோர்ட்டு அனுப்புகிறதாம். மனுஷன் இல்லை, ஒரு மெழுகு உருண்டை.

கொட்டச்சேட்டுக்கு அப்பால் ஏட்டுக்காடு என்று ஒரு சிற்றூர். அவர்கள் சாமி அந்த உருண்டைதான். அதற்குள் பழைய செப்பேடு ஒன்று இருக்கிறதாம். ஊருக்கு மேலே உள்ள சோலையும் சுனையும் தங்களுடையது என்று அதில் எழுதியிருப்பதாக ஊர் சொல்கிறது. சோலை எங்கள் எல்லைக்குள் வருகிறது, வெட்டிக் காப்பி வைக்கப் போகிறோம் என்கிறது எஸ்டேட். மெழுகை உடைத்து ஏட்டை வெளியே எடுக்க ஊர் சம்மதிக்கவில்லை. உடைக்காமல் உள்ளே பார்க்க முடியுமா என்று கோர்ட்டு கேட்டிருக்கிறது.

அந்த எஸ்டேட் எது தெரியுமா? என் கணவர் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருக்கிற எஸ்டேட். நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிற ஊடு அவர்களுடையது.

டாக்டரிடம் சொன்னேன். "அதனால என்னம்மா? மெஷினுக்குக் கட்சியா இருக்கு?" என்று சிரித்தார். மெஷினுக்கு இல்லைதான்.

16 ஜூலை, செவ்வாய்

இன்றைய நாளை முழுதாக எழுத வேண்டும்.

உருண்டை நடுத்தரப் பரங்கிக்காய் அளவு. ஈரத்துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் பெயர் அத்தாயி. வயது நாற்பத்தைந்து இருக்கும். சாமியைப் பார்த்துக்கொள்கிற குடும்பம். கூடவே பெரியநாயகம் என்று ஒருவர், பழைய எழுத்துப் படிக்கக் கோர்ட்டு நியமித்தவர். எதைக் கேட்டாலும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்.

முதலிலேயே தகராறு. சாமி ஊரை விட்டு வந்தால் அவர்கள் குடும்பத்துக் கை அதன் மேல் இருந்துகொண்டே இருக்க வேண்டுமாம். கை எடுத்தால் சாமி அநாதை ஆகிவிடும். எக்ஸ்ரே கதிர் இருக்கும் அறையில் யாரையும் விட முடியாது என்று நான் சொல்ல, அவள் உருண்டையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம். வெளியே தலைவலிக்காரர்கள் வரிசை.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "நூல் கட்டிக்கறனுங்க. நூலு எங்கையில இருந்தா கை இருந்த மாதிரிதானுங்க." மஞ்சள் நூலை உருண்டையில் கட்டி, கதவுக்கு அடியில் விட்டு, மறுமுனையை அவள் வராந்தாவில் பிடித்துக்கொண்டாள்.

மேசை ஒவ்வொரு சென்டிமீட்டராக உள்ளே நகரும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வெட்டுப் படம், தக்காளியை வட்டம் வட்டமாக அரிந்து பார்ப்பது போல. முடிந்து கதவைத் திறந்தேன். அத்தாயி கண் கலங்கி நின்றாள். "இருபத்திமூணு தடவை இழுத்துச்சுங்க சாமி" என்றாள். நான் எடுத்ததும் இருபத்திமூன்று படம்தான்.

"உள்ள என்னங்க இருக்குது டாக்டரம்மா?"

"நான் டாக்டர் இல்லீங்க, டெக்னீசியன். பாத்துட்டுத்தான் சொல்லணும்."

"குளுரு நொம்பங்க இந்த ரூமுல. சாமிக்கு நம்ம ஊரு மாதிரி இருந்திருக்கும்."

பிறகு செப்பேட்டின் எழுத்துக்காகச் சாதாரண எக்ஸ்ரே படமும் எடுத்தேன். எடுத்த கையோடு நோயாளிகளைக் கூப்பிட்டேன். பதினோரு பேர். அத்தாயியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தலைவலி என்று வருகிறவனிடம் எத்தனை நாளாக, எந்தப் பக்கம், வாந்தி உண்டா என்று பத்துக் கேள்வி கேட்கிறவள் நான்.

17 ஜூலை, புதன்

படங்கள் மோசம். உருண்டையின் நடுவில் செப்பேடு பளிச்சென்று ஒரு கோடு. அதிலிருந்து நாலு பக்கமும் கீற்றுக் கீற்றாக வெள்ளை. உலோகம் இருந்தால் அப்படித்தான் வரும், பல்லில் வெள்ளி அடைத்தவர்களுக்கும் வரும். ஆனால் அது மட்டும் இல்லை. ஏட்டைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக, மெல்லிய வெள்ளை வளையங்கள். நிறைய.

மதராஸ் பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது இது. கதிரை வாங்கும் பகுதியில் ஒன்று கெட்டால் படத்தின் நடுவைச் சுற்றி வளையம் விழும். நோய் என்று நினைத்துவிடாதே, மெஷின் கோளாறு.

இன்ஜினியருக்குத் தந்தி கொடுத்தாயிற்று.

20 ஜூலை, சனி

எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் வைத்து, பெரியநாயகம் இரண்டு நாளாகக் குனிந்திருந்தார். இன்று நிமிர்ந்தார். "சோலையும் சுனையும் … விளக்குக்கு … இறையிலியாக … இந்தத் தர்மத்துக்கு அழிவு நினைத்தவன்" வரை படிக்க முடிகிறதாம். ஆண்டு இருந்த மூலை அரித்துப்போயிருக்கிறது.

"இறையிலின்னா?"

"வரி கிடையாது, கொடுத்தாச்சுன்னு அர்த்தம்."

"அப்ப ஊருக்குத்தான் சோலை."

கண்ணாடியைத் துடைத்தார். "எழுத்தைப் பாத்தா ஐந்நூறு வருஷம்னு சொல்வேன். ஆனா எஸ்டேட் வக்கீல் என்ன கேப்பார் தெரியுமா? பழைய எழுத்தை இன்னிக்கும் ஒருத்தன் வெட்டலாம். போன வருஷம் வெட்டி மெழுகுக்குள்ள வெச்சிருந்தா? மெழுகு பழசுன்னு உங்க ஸ்கேன்ல எதாவது தெரியுதா?"

தெரியவில்லை என்றேன். வளையம் விழுந்து படம் கெட்டுவிட்டது என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு ஏதோ லேசானது போல இருந்தது. ஏன் லேசாக வேண்டும்?

22 ஜூலை, திங்கள்

ரிப்போர்ட் போய்விட்டது. "காணப்படும் வளையங்கள் கருவிக் கோளாறால் விளைந்தவை. மெழுகின் காலம் குறித்துக் கூற ஏதும் இல்லை." வாசகம் என்னுடையது, கையெழுத்து டாக்டருடையது.

29 ஜூலை, திங்கள்

இன்ஜினியர் வந்தார். தண்ணீர் நிரப்பிய உருளையை வைத்து எடுத்துப் பார்த்தார். ஒரு வளையமும் இல்லை. "மெஷின் சுத்தமா இருக்கு மேடம்" என்றார். சரி, எதையோ சரிசெய்திருப்பார்.

2 ஆகஸ்ட், வெள்ளி

மரியஜோசப் நேரத்தோடு வந்தார், கையில் அல்வாப் பொட்டலம். கோர்ட்டில் எஸ்டேட் வக்கீல் எங்கள் ரிப்போர்ட்டைப் படித்தாராம். ஏடு நேற்று வைத்ததாகவும் இருக்கலாம் என்று வாதம். ஊர்ப்பக்கம் பதில் இல்லை. இன்னும் ஒரு வாய்தா, அத்தோடு சரி.

"மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உன்னையப் பத்தி விசாரிச்சாரு. கூரைக்கு நாளைக்கே ஆள் வருதாம்."

பாதி அல்வாவைப் பொட்டலத்திலேயே வைத்து மடித்தேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்றுக் கூரை மாற்றிவிட்டார்கள். மழை பெய்கிறது, ஒரு சொட்டு இல்லை. அடுப்படியில் நிற்கவே பிடிக்கவில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து சந்தைக்குப் போனேன். அத்தாயி மிளகும் கொய்யாவும் பரப்பி உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். கால் போய் அங்கேயே நின்றது.

அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "மிசினு கெட்டுப்போச்சுன்னா நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்று எனக்கே சமாதானம் சொல்கிறாள்.

பேச்சை மாற்றத்தான் கேட்டேன், மெழுகு எங்கே கிடைக்கிறது என்று.

"மலைத்தேனு மெழுகுதானுங்க. பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா. சாமிக்கு மொதல்ல செந்தூரம் அப்பிப்போட்டு, அதும்மேல மெழுகு ஊத்தி உருட்டுவோமுங்க. எனக்குத் தெரிஞ்சு மூணு தடவை ஆச்சு. கடைசியா எம்பதுல."

"செந்தூரமா?"

"ஆமாங்க. செவப்பா பூசினாத்தான் சாமிக்குப் புதுத்துணி."

செந்தூரத்தில் ஈயம் இருக்கிறது. ஈயத்துக்குப் பின்னால்தான் நான் தினமும் ஒளிந்து நிற்கிறேன். கதிரை அது விடாது. மெழுகு விட்டுவிடும். மெழுகு, செந்தூரம், மெழுகு, செந்தூரம்.

கொய்யாவை வாங்கினேனா, காசு கொடுத்தேனா, ஒன்றும் நினைவில்லை.

12 ஆகஸ்ட், திங்கள்

யாரும் வருவதற்கு முன்பே போய்ப் பழைய படங்கள் வைக்கிற பெட்டியைத் திறந்தேன். அன்றைக்கு எடுத்த பதினோரு நோயாளிகளின் படங்களையும் விளக்கில் வைத்தேன். ஒன்றில்கூட வளையம் இல்லை. உருண்டைக்கு அடுத்துப் படுத்தவருக்கும் இல்லை.

பிறகு உருண்டை. பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்று. மூன்று முறை எண்ணினேன், நாற்பத்தொன்றுதான். வெளியே இருப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் பூசியது. பன்னிரண்டு பன்னிரண்டாகப் பின்னால் போனால் உள்வளையம் ஆயிரத்து ஐந்நூறாம் வருஷம். பெரியநாயகம் எழுத்தைப் பார்த்துச் சொன்ன அதே காலம்.

ஏன் ஏமாந்தேன்? உருண்டையை மெஷினின் நடுவில் அத்தனை துல்லியமாக வைத்திருந்தேன், இரண்டு நடுவும் ஒன்றாகிவிட்டது. கைநேர்த்தி என்று பெருமை வேறு.

இப்படி எழுதி முடித்துவிடலாம். ஆனால் இந்த நோட்டிலாவது பொய் வேண்டாம்.

உள்ளே இருக்கிற வளையங்கள் வட்டமாக இல்லை. ஏடு தட்டையாக, நீளமாக இருக்கிறது, அதைச் சுற்றிய பூச்சும் நீளமாகத்தானே இருக்கும்? வெளியே வர வரத்தான் வட்டமாகிறது. மெஷின் கோளாறு என்றால் எல்லாமே காம்பஸ் வைத்து வரைந்த வட்டமாக இருக்க வேண்டும். ஜூலை பதினேழாம் தேதியே அதைப் பார்த்தேன். பார்த்தேன். என்னடா இது என்று ஒரு நொடி நினைத்தேன். படத்தைக் கவருக்குள் போட்டேன்.

தெரியாமல் செய்தேனா, வசதியாக இருந்தது என்று செய்தேனா?

13 ஆகஸ்ட், செவ்வாய்

இப்படி வேறு யாருடைய படத்தில் எதைத் தள்ளியிருக்கிறேன்?

14 ஆகஸ்ட், புதன்

மரியஜோசப்பிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். யாரு கேட்டா உன்னைய?"

"கோர்ட்டு கேட்டுச்சு."

"கேட்டதுக்குத்தான் எழுதிக் குடுத்தாச்சே. கெழக்க ஒரு சோலை போனா லோகம் முங்கிப் போயிருமா? இந்த ஊட்டை விட்டுப் போகச் சொன்னா எங்க போறது? எங்கப்பா இருந்த ஊடு இது இன்பம்."

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் அப்பாவையும் இழுத்துவிட்டேன். சாப்பிடாமல் வெளியே போய்விட்டார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இந்த ஊட்டுக்கு நான் கல்யாணச் சேலையோடு வந்தேன். கொல்லை ஆரஞ்சு மரம் நான் வைத்தது.

19 ஆகஸ்ட், திங்கள்

டாக்டரிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அன்னிக்கு மெஷின் கோளாறுன்னு நம்ம லெட்டர்பேட்ல எழுதியிருக்கோம். இப்ப தப்புன்னு எழுதினா சேலத்துல எவன் நம்ம ரிப்போர்ட்டை நம்புவான்?"

"மெஷின்ல கோளாறு இல்லைன்னுதான் சார் இப்ப எழுதப் போறோம். அன்னிக்கு வந்த பதினோரு பேரும் நிம்மதியா இருக்கலாம். கோளாறு எங்கிட்ட."

வெகுநேரம் பேனாவை உருட்டினார். மனுஷன் நல்லவர்தான், கோபம் வந்தால் மேசையைத் துடைப்பார். மேசை முழுக்கத் துடைத்தார். பிறகு, "வாயால சொன்னா ஆகாது. நிரூபிக்க முடியுமா?" என்றார்.

முடியும். உருண்டையை நடுவை விட்டு நான்கு விரல் தள்ளி வைத்து மறுபடி எடுக்க வேண்டும். கோளாறு மெஷினுடையது என்றால் வளையங்கள் மெஷினின் நடுவிலேயே நிற்கும். உருண்டையுடையது என்றால் உருண்டையோடு நகரும்.

கோர்ட்டில் அனுமதி கேட்டு அவரே எழுதினார்.

30 ஆகஸ்ட், வெள்ளி

அத்தாயி நூலோடு வந்தாள். இரண்டு தரப்பு வக்கீலும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்கள். எஸ்டேட் தரப்பில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ரைட்டர் என் கணவர். நாங்கள் பதினாறு நாளாகப் பேசவில்லை.

நான்கு விரல் தள்ளி வைத்தேன். முதல் படம் திரையில் மேலிருந்து கீழாக மெல்ல வந்தது.

வளையங்கள் உருண்டையோடு போயிருந்தன.

பெரியநாயகம் இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

6 செப்டம்பர், வெள்ளி

சாட்சிக் கூண்டு.

எஸ்டேட் வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. "முதல் ரிப்போர்ட்டும் நீங்கள் எழுதியதுதானே?"

"ஆமாங்க."

"அப்போது வட்டத்துக்கும் கோணலுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். முட்டாள் என்று பெயர் எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஊருக்கும் அதனால் நஷ்டம் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது.

"தெரிஞ்சுதுங்க. அன்னிக்கே பாத்தேன். எழுதலை."

"ஏன்?"

"என் வீட்டுக்காரர் அந்த எஸ்டேட்ல ரைட்டருங்க. நாங்க இருக்கறது எஸ்டேட் ஊட்டுல. பாத்ததைப் பாத்தேன்னு நினைக்கவே எனக்குப் பயமா இருந்துச்சுங்க."

பின்பெஞ்சில் ஃபைல்களுக்குப் பக்கத்தில் அவர் தலையைக் குனிந்திருந்தார். வகிடு மட்டும் தெரிந்தது. இவ்வளவு நரைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

7 செப்டம்பர், சனி

சோலையில் மறு உத்தரவு வரும்வரை ஒரு மரம் வெட்டக்கூடாது.

9 செப்டம்பர், திங்கள்

மேனேஜர் கத்தவில்லை. மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸ் வேண்டும், புது ரைட்டர் வருகிறார், அவ்வளவுதான். மரியஜோசப் சாவிக்கொத்தை எடுத்து எது எந்தக் கதவுக்கு என்று சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அழகான கையெழுத்து. ஏதாவது திட்டினால் பரவாயில்லை.

28 செப்டம்பர், சனி

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு அறையும் ஒரு அடுப்படியும். ஸ்கேன் சென்டருக்கு நடந்தே போகலாம். விடிந்தால் ஒரே வெயில். அவருக்கு நெல் மண்டியில் வேலை. "சாப்பாடு", "தண்ணி", "கதவைச் சாத்து", நாளுக்கு இவ்வளவுதான் பேச்சு. "எனக்கு வேலை" என்கிறார், "உனக்கு லீவா" என்கிறார். நாங்க என்ற சொல்லையே விட்டுவிட்டார்.

ஆரஞ்சு மரத்தை நினைக்காமல் இருக்க வேண்டும்.

24 டிசம்பர், செவ்வாய்

கிறிஸ்துமஸுக்கு மேலே போகலாமா என்று கேட்டேன். "யார் ஊட்டுக்கு?" என்றார்.

3 மார்ச் 1992, செவ்வாய்

தீர்ப்பு. சோலையும் சுனையும் ஊரின் அனுபவத்தில் என்று வந்துவிட்டது. எஸ்டேட் மேல்முறையீடு போகும் என்கிறார் பெரியநாயகம், போகட்டும். தீர்ப்பில் ஏட்டின் எழுத்துக்கு ஒரு பத்தி, வளையங்களுக்கு நான்கு பத்தியாம். என் முதல் ரிப்போர்ட்டுக்கும் ஒரு வரி இருக்கிறது. அதை அவர் படித்துக் காட்ட விரும்பவில்லை. நானே வாங்கிப் படித்தேன்.

17 மே 1992, ஞாயிறு

இன்று ஏட்டுக்காட்டில் பூச்சு. பன்னிரண்டு வருஷத்துக் கணக்கில் இந்த வருஷம் வருகிறது. அத்தாயி ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தாள். போகிறேன் என்று நேற்றுச் சொன்னபோது மரியஜோசப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். காலையில் பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்.

செந்தூரத்தைக் குழைத்துப் பெண்கள் எல்லோரும் உருண்டை முழுக்க அப்பினார்கள். நான் வேதக்காரி, ஓரமாக நின்றேன். அத்தாயி என் கையைப் பிடித்து இழுத்து, "நாப்பத்தொண்ணையும் எண்ணிச் சொன்ன கைதானுங்களே" என்று அதில் செந்தூரத்தை வைத்தாள். ஓரிடத்தில் கொஞ்சம் கனமாகத்தான் அப்பிவிட்டேன். பிறகு மெழுகு ஊற்றி உருட்டினார்கள். இனி எவளாவது எந்த மெஷினிலாவது பார்த்தால் நாற்பத்திரண்டாம் வளையத்தில் ஒரு தடிப்பு இருக்கும். கோளாறு என்று எழுதாமல் இருந்தால் சரி.

சோலைப்பக்கம் மரியஜோசப் தனியாக நடந்துபோய்ச் சுனையில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

காலையில் பஸ்ஸில் நடந்ததை எழுத விட்டுவிட்டேன். எட்டு மாதம் மலை ஏறாத உடம்பு. ஒன்பதாம் வளைவிலேயே காது அடைத்தது. பதினோராம் வளைவில் ஜன்னலை எட்டுவதற்குள் வாந்தி வந்துவிட்டது. முன்சீட்டுப் பெண் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கீழ்நாட்டு ஆளுங்களுக்கு இதே வேலை" என்றாள். அந்த முகச்சுளிப்பு எனக்குத் தெரியும்.

"இல்லீங்க," என்றார் மரியஜோசப். "நாங்க மலைக்காரங்கதான். கொஞ்ச நாளா கீழ இருக்கறோம்."

சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து என் கையில் வைத்தார். பஸ் ஏறுவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்கிறார்.